நாரிக்குள் 42 பாகை

இடது நாரியில் தொடங்கிப் பெருவிரல் வரை இறங்கும் நோவு எனக்கு வந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகி, நாரியின் ஐந்தாவது நரம்புவேரை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. காட்டியது, அழுத்தம் குறைந்துவிட்டதாக அடுத்த படம் சொன்ன பின்பும் நோவு போகவில்லை. மிளகாய்த்தூளை அப்பியது போன்ற எரிவு காலில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இரவில் போர்வை பட்டாலே காலை இழுத்துக்கொள்வேன். பிரீகாபலின் குளிசை நோவை அரைவாசியாக்கியது என்றாலும் காலை பத்து மணி வரை தலை கிறுகிறுத்தது.

யாழ்ப்பாணத்தில் நான் முதலில் காட்டிய இடத்தில், "நரம்பைச் சுட்டுவிட்டால் சரி" என்று ஒரே வசனத்தில் முடித்து, கொழும்புக்கு ஒரு கடிதம் தந்தார்கள். உயர்தர மாணவர்களுக்குப் பல வருடங்கள் உயிரியல் கற்பித்தவள் நான். நரம்புவேரிலுள்ள புடைப்பான முதுகுவேர்த் திரட்டில் இருப்பவை புலன் நரம்புகளின் கலவுடல்கள் என்பதையும், இழை அறுந்தால் திரும்ப வளர வாய்ப்புண்டு, கலவுடலே அழிந்தால் அந்த வாய்ப்பும் இல்லை என்பதையும் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே பழுதான நரம்பைச் சுட்டால் நோவு இன்னும் கூடாதா என்ற பயத்தில், அந்தக் கடிதம் மூன்று மாதங்கள் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.

கடைசியில் மகள் இரவு பஸ்ஸில் கூட்டிப்போனாள். கொழும்பு வைத்திய நிபுணர் முதலில் திருத்தியது அந்தச் 'சுடுதல்' என்ற சொல்லைத்தான். சுடும் முறையும் உண்டு: ஊசி முனையை ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருந்து நரம்பை வெப்பத்தால் அழியச் செய்வார்கள், முள்ளந்தண்டின் சிறு மூட்டுகளுக்குச் செல்லும் நரம்புகளுக்கு அது பொருந்தும். எனக்குச் சொல்லப்பட்டது துடிப்பு முறை (pulsed radiofrequency): ஊசி முனை வழியே உயர் அதிர்வெண் மின்னை விட்டுவிட்டுப் பாய்ச்சுவது. நெதர்லாந்து வைத்தியர் ஸ்லாய்ற்றரும் அவருடைய குழுவினரும் 1998 இல் விவரித்த இந்த முறையில் ஒரு செக்கனுக்கு இரண்டு துடிப்புகளே பாய்கின்றன. ஒவ்வொன்றும் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குதான் நீடிக்கும். இடையிலுள்ள நீண்ட ஓய்வில் சூடு கலைந்துவிடுவதால் முனை 42 பாகையைத் தாண்டுவதில்லை. நரம்பு மீளமுடியாமல் பழுதாவது 45 பாகைக்கு மேல்.

சூடு இல்லையென்றால் வேலை செய்வது எது என்று கேட்டேன். ஊசி முனையில் குவியும் மின்புலம்தான் என்றார். எலிகளின் நரம்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இழைமணிகள் வீங்கியும், நுண்குழாய்களும் நுண்ணிழைகளும் ஒழுங்கு குலைந்தும் இருந்தனவாம். நோவைக் கடத்தும், மயலின் உறையற்ற மெல்லிய சி இழைகளிலேயே இந்த மாற்றம் அதிகம். தொடுகையைக் கடத்தும் தடித்த இழைகளில் மிகக் குறைவு. ஆகவே நரம்புக்கு ஒன்றுமே ஆவதில்லை என்று சொல்வதும் சரியல்ல. அதற்கு மேல், நோவுச் செய்தி வந்து சேரும் முண்ணாணின் பின்கொம்பிலுள்ள கலங்களில் சீ-ஃபொஸ் என்ற பரம்பரையலகு விழித்துக்கொள்வதும், மூளையிலிருந்து இறங்கி நோவை அடக்கும் நோரட்ரீனலின், செரற்றோனின் பாதைகள் இதில் பங்கெடுப்பதும் விலங்குகளில் காணப்பட்டுள்ளன. கூடுதலானவை எலிகளில் கண்டவை என்பதை அவர் மறைக்காமல் சொன்னதால்தான் நான் சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டேன்.

முதலில் அதே நரம்புவேருக்கு விறைப்பு மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். சில மணித்தியாலங்கள் நோவு போய், கால் என்னுடையதாக இருந்தது. அதன் பிறகே திகதி தந்தார்கள்.

வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவிட்டு, தொடையில் ஒரு தகட்டை ஒட்டி, எக்ஸ்ரே பார்த்தபடி ஊசியை இறக்கினார்கள். மயக்க மருந்து இல்லை; நோயாளி பதில் சொல்லவேண்டியது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. 50 ஹேர்ட்சில் சிறிது மின்னைக் கூட்டிக் கூட்டி, "எங்கே தெரிகிறது?" என்று கேட்டார். அரை வோல்ற்றுக்கும் குறைவாக இருக்கும்போதே, இரண்டு வருடங்களாக நான் அறிந்த அதே வழியால் பெருவிரல் வரை எறும்பு ஊர்ந்தது. "அதே இடம்தான்" என்றேன். தேர்வில் சரியான விடை சொன்ன பிள்ளையைப் போல் எனக்கொரு பெருமிதம். பின்பு 2 ஹேர்ட்சில் தசை துடிக்கிறதா என்றும் பார்த்தார்கள். அதன் பின் துடிப்பு மின், 120 செக்கன்கள், இரண்டு தடவை. மெல்லிய தட்டலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன்: 41, 42, மீண்டும் 41.

முதல் வாரம் ஊசி போட்ட இடத்தில் நோ கூடியதால், ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, போர்வை காலின் மேல் கிடப்பதைக் கண்டேன். இப்போது இரவில் ஒரு குளிசை மட்டும் போதுமாக இருக்கிறது. பெருவிரலின் விறைப்பு அப்படியே இருக்கிறது; இழந்த உணர்வை இச்சிகிச்சை மீட்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முற்றத்தில் இடது செருப்பு கழன்றால், அது தெரியாமல் இரண்டு அடி நடந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.