கார்டில் முன்னால் இருந்த பெயர்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. எங்கள் வீடு அமைதியாக இருக்கிறது, இங்கேயே படிக்கிறேன் என்று வந்து தங்கியிருக்கிறாள். போன சனிக்கிழமை ராத்திரி புத்தகத்தை மூடவைத்து 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' போட்டேன். 1995இல் வந்த படம், ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ எடுத்த அனிமேஷன். திரைக்கதை ஹயாவோ மியாசாகி, இயக்கம் யோஷிஃபுமி கோண்டோ.

கதாநாயகி ஷிசுகு பள்ளி மாணவி, புத்தகப் பைத்தியம். நூலகத்தில் எதை எடுத்தாலும், எடுத்தவர்கள் பெயர் எழுதும் அதன் கார்டில் அவளுக்கு முன்னால் 'செய்ஜி அமசாவா' என்ற பெயர் இருக்கிறது. யார் இவன், எப்படி இருப்பான் என்று கற்பனை ஓடுகிறது. அதே சமயம், அவள் எழுதிய பாட்டைக் கிண்டலடித்துவிட்டுப் போகிறான் ஒரு பையன். வீடு வரைக்கும் "வெறுப்பேத்துறவன், வெறுப்பேத்துறவன்" என்று கத்திக்கொண்டே நடக்கிறாள். இரண்டு பேரும் ஒருத்தன்தான் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அவள் கண்ணில் தன் பெயர் படவேண்டும் என்பதற்காகவே அவன் புத்தகமாக எடுத்துத் தள்ளியிருக்கிறான்! படத்திலேயே அவள் அப்பா, கார்டுக்குப் பதிலாக பார்கோடு வரப்போகிறது என்கிறார். அது முன்பே வந்திருந்தால் இந்தக் காதல் ஏது?

ஹாஸ்டலில் பார்த்தபோது எனக்கு இது வெறும் காதல் படம். இப்போது பார்த்தால் அவளுடைய பொறாமைதான் கண்ணில் படுகிறது. செய்ஜி வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலியின் கிரெமோனாவுக்குக் கிளம்புகிறான். அவனுக்கு வழி தெரிந்துவிட்டது, நமக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று இவளுக்குள் ஒரு குடைச்சல். உட்கார்ந்து நாவல் எழுத ஆரம்பிக்கிறாள். உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வரும் வருஷத்தில் ரேங்க் நூறு இடம் சறுக்குகிறது.

"சித்தி, அவங்க அம்மா சும்மாவா விட்டாங்க?" என்றாள் அக்கா மகள்.

விட்டார்கள். அம்மாவே அப்போது மேல்படிப்பு படித்துக்கொண்டிருப்பவர். அப்பா, உன் மனசுக்குப் பட்டதைச் செய், ஆனால் மற்றவர்களைப் போல இல்லாமல் வாழ்வது கஷ்டம், என்ன நடந்தாலும் யார் மேலும் பழி போட முடியாது என்கிறார். எங்கள் வீட்டில் ரேங்க் கார்டு வந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். சரி, அது வேறு கதை.

எனக்குப் பிடித்த இடம், செய்ஜியின் தாத்தா ஷிசுகுவின் நாவலைப் படித்து முடிக்கிற காட்சி. அவள் வெளியே குளிரில் குந்தியிருக்கிறாள். கரடுமுரடாக இருக்கிறது, இன்னும் முழுமையாகவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் பாராட்டுகிறார். அவள் உடைந்து அழுகிறாள். எழுதும்போதே பத்தாது என்று தெரியும், பயமாக இருந்தது என்கிறாள். அப்புறம் சூடாக ஒரு சட்டி உடோன் நூடுல்ஸ். அழுத முகத்தோடு அவள் அதைச் சாப்பிடுவதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

கோண்டோ இயக்கிய முழுநீளப் படம் இது ஒன்றுதான். 1998இல், 47 வயதில் போய்விட்டார்.

கடைசியில், விடிவதற்கு முன் செய்ஜி அவளை சைக்கிளில் வைத்து மேட்டில் ஏற்றுகிறான். மூச்சு வாங்குகிறது. ஷிசுகு குதித்து இறங்கிப் பின்னாலிருந்து தள்ளுகிறாள், சுமையாக மட்டும் இருக்க மாட்டேன் என்று. மேலே போய்ச் சூரியன் வந்ததும் அவன் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுகிறான். அது எனக்கு அன்றும் ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை.

அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அந்த சைக்கிள் தள்றத மட்டும் இன்னொரு வாட்டி போடு சித்தி" என்றாள்.