72 பருவங்களும் என் மகளின் கணக்கும்

அமெரிக்க ஹெவி மெட்டல் ராக் குழுவான மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ (72 பருவங்கள்) ஆல்பம் 2023 ஏப்ரல் 14 அன்று வெளியானபோது, வீடு தீப்பற்றி எரிந்தாலொழிய அடுத்த 77 நிமிடங்களுக்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று அறிவித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தேன். இதற்கு முந்தைய ஆல்பம் வந்தது 2016 நவம்பரில். ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவனுக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாதா என்பது என் வாதம். அந்த ஆறு ஆண்டுகளிலும் எப்போது கூப்பிட்டாலும் நான் இதே ஹெட்போனோடுதான் இருந்தேன் என்பது என் மனைவியின் எதிர்வாதம்.

முதல் பாட்டு பாதிகூட முடியவில்லை, பன்னிரண்டு வயது மகள் உள்ளே வந்துவிட்டாள். திரையில் தெரிந்த பளீரென்ற மஞ்சள் அட்டைப்படத்தையும் அதன் நடுவில் கருகிக் கிடந்த தொட்டிலையும் பார்த்தவள், அது என்ன எழுபத்திரண்டு என்று கேட்டாள். ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு, ஒருவனை உருவாக்குவது அவன் வாழ்வின் முதல் 18 ஆண்டுகள் என்றும், ஆண்டுக்கு நான்கு பருவம் என்று பெருக்கினால் 72 வரும் என்றும், பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் எண்ணத்தை என்னால் இயன்றவரை சுருக்கமாக விளக்கினேன்.

“தப்பு அப்பா. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பருவம் ஆறு. அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு வயதுதானே வருகிறது?”

சங்க இலக்கியத்தின் பெரும்பொழுதுகளை வைத்து ஓர் அமெரிக்க மெட்டல் குழுவின் தலைப்பைத் திருத்த முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. கணக்கில் பிழையும் இல்லை. ஆகவே இது தன்னைப் பற்றிய ஆல்பம் என்று உரிமை கொண்டாடி அவள் என் பக்கத்தில் அமர்ந்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி ஒலிபெருக்கிக்கு மாறினேன்.

நீண்டநாள் ரசிகனுக்கு ஒவ்வொரு புதிய ஆல்பத்திலும் குறை காண்பது பிறப்புரிமை. 1988இல் வந்ததில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2003இல் வந்ததில் டிரம்ஸ் ஓசை தகர டப்பாவைத் தட்டுவது போலிருந்தது. 2008இல் வந்ததை அளவுக்கு மீறி உரக்கப் பதிவு செய்து, அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டில்தான் தெளிவாகக் கேட்கின்றன என்று எங்களைப் புலம்ப வைத்தார்கள். இம்முறை ஒலியில் குறை இல்லை. ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் நன்றாகவே கேட்கிறது. அறுபதை நெருங்கும் வயதில் ஹெட்ஃபீல்டின் குரலும் கிட்டார் மீட்டும் வலது கையும் தளரவில்லை. முன்னோட்டமாக 2022 நவம்பரில் வந்த, மூன்றரை நிமிடம்கூட இல்லாத பாட்டைக் கேட்டு, ஆல்பம் முழுவதும் இப்படியே இறுக்கமாக இருக்கும் என்று நான் நம்பியதுதான் என் பிழை.

ஏனென்றால், பாட்டுகள் நீள்கின்றன. “இன்னும் அதே பாட்டா?” என்று மகள் மூன்று முறை கேட்டாள். முதல் இரண்டு முறையும் எனக்குக் கோபம் வந்தது. மூன்றாம் முறை நானே எட்டித் திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. 1986இல் எட்டே பாட்டுகளில், சுமார் 55 நிமிடங்களில் உலகைக் கலங்கடித்தவர்கள் இவர்கள். அன்று இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அதிக நிமிடங்களைத் திணித்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலிந்துவிடும். குறுந்தகடு ஏறக்குறைய 80 நிமிடம் கொள்ளும் என்று ஆனபின், கொடுத்த இடத்தையெல்லாம் நிரப்புவது பழக்கமாகிவிட்டது. நடுவில் ஒரே வேகத்தில் செல்லும் மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டால், 1991க்குப் பிறகு அவர்கள் செய்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன்.

கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட்டின் சோலோ (தனி வாசிப்பு) ஒன்று வந்தபோது, தொட்டிலில் இருந்த குழந்தைதான் அழுகிறதா என்று மகள் கேட்டாள். நான் சிரித்தேன், கிட்டார் ஒலியை அழுவதுபோல் வளைக்க அவர் காலடியில் மிதிக்கும் வா-வா பெடலின் புகழ்பெற்ற வகைக்குப் பெயரே ‘க்ரை பேபி’ என்பது அவளுக்குத் தெரியாது.

கடைசியான பன்னிரண்டாவது பாட்டுக்கு முன் எச்சரித்தேன்: 11 நிமிடம் 10 விநாடி, இவர்கள் இயற்றியதிலேயே மிக நீளமானது, விரும்பினால் எழுந்து போகலாம். அவள் போகவில்லை. துயரத்தையே காதலியாக்கிப் பாடும் அந்தப் பாட்டு அவசரமில்லாமல் உருண்டு வந்து, பாதியில் எல்லாம் ஓய்ந்து, பேஸ் மட்டும் தனியே நடக்கத் தொடங்கியபோது, “இப்போதுதான் மூச்சு விடுகிறார்கள்” என்றாள். அதன்பின் முடியும்வரை இருவரும் பேசவில்லை. அவ்வளவு நீளமான பாட்டில் ஒருமுறைகூட அவள் அதே பாட்டா என்று கேட்கவில்லை.

முடிந்ததும் கதவைத் திறந்தால், வெளியே மனைவி நின்றிருந்தார். ஆறு முறை கூப்பிட்டாராம். மகள் என்னைப் பார்த்தாள். மெட்டாலிகாவின் கணக்குப்படி நான்கு முறைதான் என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.