எண்ணெய்க்கு அடியில் ஒரு குமிழி

உயர்தர வகுப்பில் காற்றின்றிய சுவாசப் பரிசோதனை எங்கள் குழுவுக்கு முதல்நாள் சரிவரவில்லை. கரைந்திருக்கும் ஒட்சிசன் வெளியேறக் குளுக்கோசுக் கரைசலைக் கொதிக்கவைத்தோம். ஆறும்வரை பொறுக்காமல் மதுவத்தை (ஈஸ்ட்) சேர்த்துவிட்டோம். காற்றுப் புகாதிருக்க மேலே திரவப் பரபின் எண்ணெய் ஊற்றி, போக்குகுழாயைச் சுண்ணாம்பு நீரில் அமிழ்த்திக் காத்திருந்தோம். பாடவேளை முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

"வெந்துபோன மதுவம் எப்படி மூச்சுவிடும், பிள்ளைகள்?" என்றார் ஆசிரியை.

மறுநாள் ஆறவிட்டுச் சேர்த்தோம். குழாய் நுனியில் கடுகளவு குமிழி ஒன்று திரண்டு, சற்றே நடுங்கி, விடுபட்டு மேலேறியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுண்ணாம்பு நீர் பால்போல் கலங்கியது; காபனீரொட்சைட்டு வருவதன் அடையாளம் அது.

ஒரு குளுக்கோசு மூலக்கூறு பைருவிக் அமிலமாக உடையும்போது கலத்துக்கு மிஞ்சுவது அதன் ஆற்றல் நாணயமான ஏ.ரி.பி. மூலக்கூறுகள் 2 மட்டுமே, ஒட்சிசன் இருந்து குளுக்கோசு முழுதாக உடைந்தால் ஏறத்தாழ 30. இதை மனப்பாடம் செய்துவிட்டோம். ஆசிரியை விடவில்லை. "பைருவிக் அமிலம் தசையில் லாக்டிக் அமிலமாகிறது. அந்தப் படியில் ஒரு ஏ.ரி.பி.கூடக் கிடைப்பதில்லை. பிறகு எதற்கு?"

வகுப்பே விழித்தது. அவர் சொன்ன விடை இன்றும் எனக்கு வியப்புத்தான். குளுக்கோசு உடையும்போது கழலும் ஐதரசனை வாங்கிக்கொள்வது என்.ஏ.டி. என்ற துணைநொதியம், அதாவது நொதியத்துக்கு உதவும் மூலக்கூறு. கலத்தில் அது கொஞ்சம்தான் உண்டு. வாங்கிய சுமையை எங்காவது இறக்காவிட்டால் அடுத்த குளுக்கோசு உடையாது. ஒட்சிசன் இல்லாதபோது தசையில் பைருவிக் அமிலமே அந்தச் சுமையை ஏற்கிறது. மதுவத்தில் அது முதலில் காபனீரொட்சைட்டை இழந்து, பின் சுமையை ஏற்று எதனோலாகிறது. நாங்கள் கண்ட குமிழி அந்தக் காபனீரொட்சைட்டுத்தான்.

மதுவத்தை அரைத்துப் பிழிந்த, கலமே இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்கவைக்கும் என்று ஜேர்மன் இரசாயனவியலாளர் எடுவார்ட் புக்னர் 1897இல் காட்டியதைப் பின்னர்தான் படித்தேன்.

இன்று நான் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். இரத்தச் செங்குழியத்துக்கு, ஒட்சிசனைக் கொண்டு ஏ.ரி.பி. ஆக்கும் கல உறுப்பான இழைமணி இல்லை. உடலுக்கெல்லாம் ஒட்சிசன் சுமக்கும் அது, தன் தேவைக்கு அதைத் தொடுவதேயில்லை. ஏறத்தாழ 120 நாள் வாழ்வையும் அந்தச் சொற்ப ஏ.ரி.பி.யிலேயே ஓட்டிவிடுகிறது. குழாயில் எடுத்த பிறகும் குளுக்கோசைத் தின்றபடியே இருக்கும். அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சோடியம் புளோரைட்டு இருக்கிறது.

புதிதாகச் சேர்பவர்கள் அந்தக் குழாயைக் காட்டிக் காரணம் கேட்கும்போது, பதிலுக்கு முன் ஆசிரியையின் கேள்வியை அவர்களிடம் கேட்கிறேன்: அந்தப் படியில் ஏ.ரி.பி. இல்லையே, பிறகு எதற்கு?