மேல ஜூன், கீழ டிசம்பர்

மண்டபத்துல ஒரு இறால் கம்பெனியில ஏழு வருஷமா கணக்கு எழுதுறேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள். அந்த சமயத்துலதான் சம்மாட்டிங்க, அதாவது போட்டு வச்சிருக்கிறவங்க, வலை, பெயிண்ட், இன்ஜின் வேலைன்னு முன்பணம் வாங்க வருவாங்க, அதெல்லாம் எக்செல் சீட்ல மேல முதல் அறுபது வரிக்குள்ள இருக்கும். அப்புறம் போட்டுங்க கடலுக்குப் போக ஆரம்பிச்சா எடை போடுற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரி, டிசம்பர் வரும்போது ரெண்டாயிரத்தைத் தாண்டிரும்.

இன்னைக்கு சரக்குக்கு காசு குடுக்கணும்னா முன்பணத்துல எவ்வளவு பிடிச்சிருக்கோம், பாக்கி என்னன்னு பாக்கணும். மேல போய் பாத்து மனசுல வச்சுக்கிட்டு கீழ வந்து அடிப்பேன். ஒருநாள் நடுவுல போன் வந்துச்சு, நம்பர் 46-ல முடியுற போட்டோட பாக்கியை 64-ல முடியுற போட்டுல பிடிச்சுட்டேன், பதினஞ்சாயிரம். மறுநாள் அந்த சம்மாட்டி வந்து சத்தமே போடாம, "நான் வாங்காத காசுக்கு ஏம்மா பிடிக்கிறீக"ன்னு கேட்டாரு. அன்னைக்கு பங்கு பிரிச்சப்ப அவர் போட்டுல போன நாலு பேருக்கும் குறைஞ்சிருக்கு. காசைத் திருப்பிக் குடுத்துட்டோம், ஆனா அவர் கேட்ட விதம் ரொம்ப நாளு உறுத்துச்சு.

எனக்கு முன்னாடி இங்க கணக்கு எழுதின அண்ணன் நோட்டுலதான் எழுதுவாரு. இடது கை ஆள்காட்டி விரலு முன்பண நோட்டுல அந்த வரி மேல இருக்கும், வலது கை இன்னைக்கு கணக்கை எழுதும், எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த விரலை எடுக்கவே மாட்டாரு. எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்னுதான் தேடினேன்.

முதல்ல எக்செல் வியூ மெனுவுல இருக்கிற ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டுப் பாத்தேன், மேல இருக்கிற வரியை அசையாம நிறுத்துறது. தலைப்பு வரி மட்டும் நிக்கணும்னா அது நல்லதுதான், ஆனா அறுபது வரியையும் நிறுத்தினா லேப்டாப் ஸ்க்ரீன் முழுக்க அதுவே நிக்குது, கீழ உருட்டினாலும் ஒண்ணும் தெரியல. அப்புறம்தான் அதே வியூ மெனுவுல ஸ்ப்ளிட்டைப் பாத்தேன். ஏ காலம்னு சொல்ற முதல் நெடுக்கு வரிசையில ஸ்க்ரீனுக்கு நடுவால தெரியுற ஒரு செல்லுல நின்னு அதை அமுக்கினா குறுக்க ஒரு கோடு விழுது, மேல ஒரு ஸ்க்ரோல் பார், கீழ ஒரு ஸ்க்ரோல் பார். மேல ஜூன் நிக்குது, கீழ டிசம்பர் ஓடுது. பக்கவாட்டுல நகத்தினா மட்டும் ரெண்டும் சேந்தே நகரும், அது எனக்கு நல்லதாப் போச்சு, காலம் நேருக்கு நேரா நிக்குதுல்ல. நடுவுல இருக்கிற செல்லுல நின்னு அமுக்கினா நாலா பிரியும், எனக்கு அது தேவைப்படல. கோட்டு மேல ரெண்டு தடவை கிளிக் பண்ணா போயிரும். ஃப்ரீஸும் ஸ்ப்ளிட்டும் ஒரே நேரத்துல நிக்காது, ஒண்ணுதான்.

முதலாளி பாத்துட்டு, கணக்கு ரெண்டாயிருச்சா, ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுல பழசே நிக்குமான்னு பயந்தாரு. நியாயமான பயம்தான். சீட்டு ஒண்ணுதான், பாக்குற இடம்தான் ரெண்டு, மேல ஒரு எண்ணை மாத்தி கீழயும் அதே வரிக்கு உருட்டிக் காமிச்சேன், மாறியிருந்துச்சு. டீசல் கணக்கு வேற சீட்ல இருக்கு, அதுக்கு ஸ்ப்ளிட் ஆகாது, நியூ விண்டோ போட்டு அதே ஃபைலை இன்னொரு தடவை திறந்து பக்கத்துல வச்சுக்குவேன். அதுல வியூ சைட் பை சைட் குடுத்தா ரெண்டும் சேந்தே உருளும், சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்கை எடுத்துவிட்டாத்தான் தனித்தனியாப் போகும்.

இப்பல்லாம் சம்மாட்டி வந்தா மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வச்சுருவேன். போன வாரம் அந்த 64 போட்டுக்காரர் வந்தாரு, மேல அவரோட ஜூன் வரியில விரலை வச்சுக்கிட்டு கீழ ஒவ்வொரு பாடா, அதாவது கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையாப் பாத்துக்கிட்டே வந்து, "இன்னும் நாலாயிரத்து ஐநூறு இருக்கும்மா"ன்னு எனக்கு முன்னாடி அவரே சொன்னாரு. சரியா இருந்துச்சு.