சேலத்திலிருந்து மோட்டோ ஜிபி பந்தயத்துக்குத் தனியே ஓட்டிச் சென்ற பதினான்கு நாட்கள்

2023 செப்டம்பர் 22 முதல் 24 வரை கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத் சர்வதேசப் பந்தயத் தடத்தில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபி நடைபெறும் என்ற அறிவிப்பு வந்தபோது, விமானத்தில் டெல்லி சென்று பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் என் முதல் எண்ணமாக இருந்தது. பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். என் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் தொடும் தேசிய நெடுஞ்சாலை 44, ஒசூர், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி வழியாக ஆக்ரா வரை என்னைக் கொண்டுசேர்க்கும். அங்கிருந்து யமுனா விரைவுச்சாலை ஏறக்குறைய பந்தயத் தடத்தின் வாசலுக்கே கொண்டுபோய் விடும். பெரும்பாலும் ஒரே சாலையில் 2,250 கிலோமீட்டர் என்பது, வழி தவறும் பழக்கமுள்ள எனக்குப் பெரிய கவர்ச்சி. உடன் வருவதாகச் சொன்ன இரு நண்பர்களுக்கும் விடுப்பு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது.

வண்டி, ஐந்து ஆண்டுகள் ஓடிய அப்பாச்சி 200 பைக். நெடும்பயணத்துக்கு இதைவிடப் பெரிய வண்டி வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். மணிக்கு 75 அல்லது 80 கிலோமீட்டரில் நாள் முழுவதும் செல்ல இந்த வண்டியே போதும் என்பது என் கணிப்பு. அதில் தவறு நேரவில்லை. புறப்படும் முன் பின்டயரையும் இரண்டு பிரேக் பேட்களையும் மாற்றினேன், செயினின் தொய்வைச் சரிசெய்தேன். டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் பொருட்கள், சிறிய காற்றுப் பம்ப், செயின் ஸ்பிரே, கிளட்ச் ஒயர் ஒன்று, மழை உடை, காப்பீட்டுத் தாளின் நகல் ஆகியவை பின்னிருக்கைப் பையில் சென்றன. வீட்டில் போட்ட ஒரே நிபந்தனை, இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பது. அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் ஒப்புக்கொண்டேன் என்றாலும், பயணத்தின் ஒவ்வொரு நாளையும் தீர்மானித்தது அந்த நிபந்தனைதான்.

17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டு, மாலை ஐந்தரைக்குக் கர்நூலில் துங்கபத்திரையைப் பார்த்தேன். தொலைவை நான் கிலோமீட்டரில் எண்ணாமல் ஆறுகளில் எண்ணத் தொடங்கியது அங்கேதான்: துங்கபத்திரைக்குப் பின் கிருஷ்ணா, கோதாவரி, பெண்கங்கா, வைன்கங்கா, நர்மதை, சம்பல், கடைசியாக யமுனை. ஒவ்வொரு பாலத்திலும் ஒரு பெயர்ப்பலகை. பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை அப்படியே கண்முன் வந்தது.

மறுநாள் ஐதராபாத்தில் ஒரு தவறு செய்தேன். நகரத்தைத் தொடாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றிப் போய்விடலாம் என்று எண்ணியிருந்தேன். அதில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்பதை நுழைவாயிலில்தான் அறிந்தேன். அன்று விநாயகர் சதுர்த்தி வேறு. சிறிய சரக்கு வண்டிகளில் பிள்ளையார்கள் பந்தலுக்குச் செல்லும் தெருக்களின் வழியே நகரைக் கடக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதிவேகச் சாலைகளில் எவை பைக்கை அனுமதிக்கும், எவை அனுமதிக்காது என்பதை முந்தைய இரவே பார்த்துக்கொள்வது அதன் பிறகு என் வழக்கமாயிற்று. அன்று இரவு அடிலாபாத்தில் தங்கினேன். மூன்றாம் நாள் நாக்பூரைத் தாண்டியும் நல்ல மழை. நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டை ஒட்டிச் செல்லும் பகுதியில், விலங்குகள் கீழே கடந்து செல்வதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டி, வெளிச்சமும் ஓசையும் காட்டுக்குள் போகாதபடி இருபுறமும் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மழையில் அந்தச் சுவர்களுக்கு நடுவே என் வண்டியின் சத்தம் எனக்கே திரும்பக் கேட்டது.

நான்காம் நாள் சாகருக்குச் சற்று முன்னால் பின்டயரில் ஆணி ஏறியது. செயல்முறைக் காணொளிகளில் ஐந்து நிமிடத்தில் முடியும் அந்த வேலை எனக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. ஆணியைப் பிடுங்கவே குறடு போதவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அருகிலிருந்த தாபாவுக்குச் சென்றபோது, அங்கே நின்ற லாரியின் நெற்றியில் தமிழ் எழுத்து இருந்தது. நாமக்கல் வண்டி. கட்டிலில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஓட்டுநர் என் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஏனுங்க தம்பி, சேலத்துல இருந்து இதுலயேவா வர்றீங்க?”

“ஆமாங்கண்ணே. நொய்டாவுல பைக் ரேஸ் பார்க்கப் போறேன்.”

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் கருவிப்பெட்டியிலிருந்து பெரிய குறட்டை எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கித் தந்தார். “ரேஸ் பார்க்குறது இருக்கட்டும். ஜான்சி வரைக்கும் இன்னைக்கே போயிடலாம்னு நெனைக்காதீங்க. ரோட்டுல மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு லைட்டுல தெரியாது” என்றார். நான் லலித்பூரிலேயே நின்றுவிட்டேன். மறுநாள் காலை அந்தச் சாலையில் அவர் சொன்ன மாடுகளைத் தடுப்புச்சுவர் ஓரத்தில் வரிசையாகப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சம்பல் பள்ளத்தாக்கைத் தாண்டி ஆக்ராவைச் சுற்றிக்கொண்டு யமுனா விரைவுச்சாலையில் ஏறினேன். அதுவரை வந்த சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது. ஓரத்து இடுக்கில் நுழைந்து போய்விடலாம். இந்தச் சாலையில் பைக்குக்கும் கட்டணம் உண்டு. 165 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் தளம், ஏறக்குறைய வளைவே இல்லை. சூடேறிய கான்கிரீட்டில் டயர் வெடிப்பது இங்கே அடிக்கடி நடப்பது என்பதால், சாலையில் ஏறும் முன்னரே நிழலில் நிறுத்தி டயரை ஆறவிட்டுக் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தேன். பஞ்சர் ஒட்டிய டயர் என்ற பயமும் இருந்தது. தெலங்கானாவில் 109 ரூபாயைத் தாண்டியிருந்த பெட்ரோல், உத்தரப் பிரதேசத்தில் அப்போது ஏறத்தாழ 97 ரூபாயாக இருந்தது சிறிய ஆறுதல். மாலை நான்கரைக்கு கிரேட்டர் நொய்டாவின் பரி சௌக் சந்திப்பு அருகே முன்பதிவு செய்திருந்த அறையை அடைந்தேன்.

பந்தயத் தடத்துக்குள் செல்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் சாலையை ஒரு மாதம் திட்டமிட்ட நான் இதைச் சிறிதும் திட்டமிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பழக்கதோஷத்தில், பாதுகாப்பு மேலங்கி, முழங்கால் கவசம், கனத்த பூட்ஸ் எல்லாம் அணிந்தே சென்றேன். வாகன நிறுத்தத்திலிருந்து என் இருக்கைக்கு நடக்க வேண்டிய தொலைவும், செப்டம்பர் மாதத்து வட இந்தியப் புழுக்கமும் சேர்ந்து, முதல் பயிற்சிச் சுற்று தொடங்கும் முன்பே என்னை ஓய்த்துவிட்டன. அடுத்த இரண்டு நாட்களும் கவசங்களை அறையிலேயே விட்டுவிட்டு, ஹெல்மெட்டை மட்டும் கம்பிப் பூட்டால் வண்டியோடு கட்டிவிட்டு, மெல்லிய பருத்திச் சட்டையும் தொப்பியுமாகச் சென்றேன். அறையிலிருந்து தடம் வரையிலான தொலைவுக்கு மேலங்கி அணியாதது சரியன்று என்று எனக்கே தெரியும், இருந்தும் செய்தேன்.

வெள்ளிக்கிழமையை வெறும் பயிற்சி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மூன்று நாட்களில் மிகவும் பிடித்தது அதுதான். கூட்டம் குறைவு, எங்கிருந்து என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். நான் வாங்கியிருந்த இருக்கை, தொடக்க நேர்பாதையின் ஓரம், முதல் வளைவை நோக்கியது. ஐந்து நாட்கள் லாரிக்கும் பேருந்துக்கும் மாட்டுக்கும் பிரேக் பிடித்தே வந்தவன் என்பதாலோ என்னவோ, என் கண் வேகத்தின்மேல் போகவில்லை. அவர்கள் பிரேக் பிடிப்பதன்மேல் போயிற்று. நெஞ்சை நிமிர்த்திக் காற்றையே ஒரு தடுப்பாக்கி, வளைவுப் பக்கத்துக் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டு, பின்சக்கரம் தரையை ஏறக்குறைய விட்டுவிடும் நிலையில் உள்ளே திரும்புகிறார்கள். வறண்ட தடத்தில் மோட்டோ ஜிபி வண்டிகளுக்குக் கார்பன் பிரேக் தட்டுகள். அவை நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். என் வண்டியின் எஃகுத் தட்டு சூடானால் நான் பயப்படுவேன், அங்கே நேர்மாறு.

அந்த வார இறுதியில் ஓடிய மூன்று பிரிவு வண்டிகளையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறியலாம். மோட்டோ 3 வண்டிகள் 250 சிசி, ஒற்றை சிலிண்டர். கூட்டமாக வரும்போது குளவிக் கூட்டைக் கலைத்ததுபோல் இருக்கும். மோட்டோ 2வில் அனைவருக்கும் ஒரே 765 சிசி டிரயம்ப் மூன்று சிலிண்டர் என்ஜின். 1000 சிசி மோட்டோ ஜிபி வண்டி நேர்பாதையைக் கடக்கும்போது ஒலி காதுக்கு வரும் முன் விலா எலும்புக்கு வந்துவிடுகிறது. காது அடைப்பான் கொண்டுபோகாதது என் இரண்டாவது தவறு. பக்கத்து இருக்கையிலிருந்த புனே நகரத்து இளைஞர் ஒரு ஜோடி கொடுத்தார்.

சனிக்கிழமை பிற்பகல் மழை வந்து அன்றைய குறும்பந்தயத்தை (ஸ்பிரிண்ட்) தள்ளிப்போட்டது. என் மழை உடை அறையில் இருந்தது. நனைந்து, காய்ந்து, ஒருவழியாகப் பந்தயம் தொடங்கியபோது, எங்கள் கண்ணெதிரே முதல் வளைவிலேயே லூகா மரினி தன் அணியைச் சேர்ந்த மார்கோ பெசெக்கியின்மேல் மோதி விழுந்தார். மரினிக்குக் காறை எலும்பு முறிந்தது. பெசெக்கி கடைசி வரிசைகளுக்குத் தள்ளப்பட்டு, ஒவ்வொருவராகத் தாண்டி ஐந்தாம் இடம் வரை வந்தார். வென்றவர் ஹோர்ஹே மார்ட்டின். ஆனால் எங்கள் பகுதி முழுவதும் பெசெக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று வெப்பத்தைக் கருதி முதன்மைப் பந்தயத்தை 24 சுற்றுகளிலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். காலையிலிருந்து வெயிலில் அமர்ந்திருந்த எவருக்கும் அதில் மாற்றுக் கருத்து இருந்திருக்காது. பெசெக்கி எட்டு வினாடிகளுக்கும் மேலான இடைவெளியில் வென்றார். முன்னாள் உலக சாம்பியன் வாலன்டினோ ரோஸியின் அணி என்பதால், ரசிகர்களிடையே அவருடைய மஞ்சள் நிறக் கொடிகள் எழுந்தன. பந்தயமாக அது ஒருதலையானது. உண்மையான கதை பின்னால் நடந்தது. சாம்பியன் பட்டியலில் முன்னணியில் இருந்த பான்யாயா இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருக்கையில் விழுந்தார். மார்ட்டினின் தோலுடை ஓட்டத்தின்போதே திறந்துகொள்ள, அவர் அதைச் சரிசெய்துகொண்டு, கடைசிச் சுற்றில் குவார்ட்டராரோவைச் சமாளித்து இரண்டாவதாக வந்து, இறங்கியதும் நீரிழப்பால் சுருண்டுவிட்டார். வார இறுதிக்கு முன் மார்ட்டினைவிட 36 புள்ளிகளாக இருந்த பான்யாயாவின் முன்னிலை 13 ஆகியது.

திரும்பும் பயணத்தை நான் பாதி மனத்தோடுதான் திட்டமிட்டிருந்தேன். போகும்போது எதிர்பார்ப்பு விழிக்க வைத்தது. திரும்பும்போது அது இல்லை. குவாலியருக்கு அருகே ஒரு முறை கண் சொருகியதை உணர்ந்து, உடனே நிறுத்தி, பெட்ரோல் பங்க் மரத்தடியில் ஒரு மணி நேரம் தூங்கினேன். அதன் பிறகு 80 கிலோமீட்டருக்கு ஒரு முறை கட்டாயமாக இறங்கினேன். லலித்பூரில் அதே லாட்ஜ், அதே அறை. புதன் இரவு காமாரெட்டியில் தங்கி, வியாழன் அதிகாலையே ஐதராபாத்தைக் கடந்தேன். அன்று அங்கே பிள்ளையார் கரைப்பு, சற்றுத் தாமதித்திருந்தால் நாள் முழுவதும் நகரத்திலேயே போயிருக்கும். போகும்போது பந்தலேறிய பிள்ளையார்கள், வரும்போது ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று அனந்தபூரில் தொலைக்காட்சியைப் பார்த்தபோதுதான், மறுநாள் 29ஆம் தேதி காவிரிப் பிரச்சினைக்காகக் கர்நாடகம் முழுவதும் முழு அடைப்பு என்பது தெரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் பெங்களூரைக் கடக்க மனம் வரவில்லை. லாட்ஜ் வரவேற்பில் இருந்த பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: கதிரி, மதனப்பள்ளி, புங்கனூர், பலமனேர், வி.கோட்டா, குப்பம், கிருஷ்ணகிரி. கர்நாடகத்தைத் தொடாமல் ஆந்திரத்திலிருந்து நேரே தமிழ்நாட்டுக்குள் வரும் வழி. தக்காளி வண்டிகளின் பின்னால், ஊர் ஊராக மெதுவாகச் சென்ற அந்த நாள், பயணத்திலேயே அழகான சாலைகளைக் காட்டியது. ஆனால் நேரத்தைத் தின்றுவிட்டது.

தருமபுரியை அடைந்தபோது மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு இன்னும் எழுபது கிலோமீட்டருக்குள்தான்; நடுவில் தொப்பூர் கணவாய். இறக்கத்தில் லாரிகளுக்குப் பிரேக் போய் விபத்தாகும் இடம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த சாலை அது. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பாடு எடுத்துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேருந்து நிலையம் அருகே அறை எடுத்தேன். “தருமபுரி வரைக்கும் வந்துட்டு அங்க எதுக்குடா தங்குற?” என்று கேட்ட அவரே, சிறிது யோசித்துவிட்டு, “சரி, தொப்பூர் இருக்குல்ல, காலையிலயே வா” என்றார். மறுநாள் காலை, மெதுவாக இறங்கிய ஒரு சரக்கு லாரியின் பின்னால், முந்த முயலாமல், மூன்றாம் கியரில் அந்த இறக்கத்தைக் கடந்து எட்டேகால் மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மீட்டர் 4,610 கிலோமீட்டர் கூடியிருந்தது. சாகரில் ஒட்டிய பஞ்சர் இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.