1902 வணிக டொலர்: இதுவரை பார்த்தது

எங்கள் பூட்டனின் வெள்ளிக்காசு இது, கிழக்காசிய வியாபாரத்துக்கென்று பிரித்தானியர் அடித்த டொலர். முதல் வேலை நிறை பார்ப்பதுதான். கஸ்தூரியார் வீதியில் தெரிந்த நகைக்கடைத் தராசில் 26.88 கிராம் காட்டியது. புதுக்காசாக இருந்தபோது 26.95 இருந்திருக்கும். இவ்வளவு காலம் கைபட்டதற்கு இந்தத் தேய்மானம் சரி. அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம், 2.61 கிராம் குறைந்தது. 26.88ஐ அதால் வகுத்தால் 10.3 வருகிறது, 90 வீத வெள்ளிக்கு உரிய அடர்த்தி. இந்த டொலரில் போலிகள் மலிந்து கிடப்பதால் இதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

முன்பக்கத்தில் பிரித்தானியா நிற்கிறாள், அந்த நாட்டையே பெண்ணாக்கிய உருவம். வலக்கையில் திரிசூலம், இடக்கை கேடயத்தின் மேல், பின்னால் கடலில் ஒரு கப்பல். கடல் எங்களுடையது என்று சொல்லும் படம். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து லென்ஸால் பார்த்தால் சூலத்தின் நடுமுனைக்குள் கடுகிலும் சிறிதாக ‘பி’ எழுத்து. பம்பாயில் அடித்தது! கல்கத்தாவில் அடித்தவற்றில் காலடியில் ‘சி’ இருக்கும்.

எனக்குப் பெரிதாகப் படுவது பின்பக்கம். நடுவில் நீண்ட ஆயுளைக் குறிக்கும் சீனச் சின்னம். ‘ஒரு டொலர்’ என்று சீனத்திலும், அரபு எழுத்தில் மலாயிலும். ஐந்துசந்தியில் உள்ள முஸ்லிம் நானா ஒருவரிடம் அந்த அரபு எழுத்தைக் காட்டினேன். “எழுத்து எங்கட எழுத்துத்தான் தம்பி, பாஷை வேற” என்றார். காசில் எங்குமே அரசன் தலை இல்லை. மெக்சிக்கோ வெள்ளிக்காசில் பழகிப்போன கிழக்காசிய வியாபாரிகள் நம்பி வாங்க வேண்டுமே! சாம்ராச்சியமே சந்தையின் எழுத்துக்கு இறங்கிவந்திருக்கிறது.

புளி போட்டு மினுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். விடமாட்டேன். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்ததோடு சரி. மினுக்கினால் அந்தச் சின்ன எழுத்துத்தான் முதலில் தேயும்.

இது பூட்டனின் முதல் மலாயாச் சம்பளம் என்றே எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். அவருடைய றெயில்வே நியமனக் கடிதத்தில் இருப்பது 1912. ஆனால் 1903இல் எட்வேர்ட் மன்னரின் தலையுடன் சிங்கப்பூர், பினாங்குப் பகுதிக்கெனத் தனி டொலர் வந்ததும், இந்த வணிக டொலரை அங்கே புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே சம்பளமாக வந்திருக்க வழியில்லை. வெள்ளிக்காக வாங்கிச் சேமித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அடுத்து அந்த 1903 டொலர் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும்.