மார்ட்டி ராபின்ஸின் கௌபாய் பாடல்கள்: கேட்புக் குறிப்புகள்

மார்ச் 4

அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் ‘கன்ஃபைட்டர் பாலட்ஸ் அண்ட் டிரெயில் சாங்ஸ்’ தொகுப்பை இன்று முழுவதுமாகக் கேட்டேன். 1959 ஏப்ரல் 7 அன்று நாஷ்வில் நகரின் பிராட்லி ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவான இந்த 12 பாடல்களில் அவசரத்தின் சுவடே இல்லை. கருவிகள் மிகக் குறைவாக ஒலிப்பதால், பின்னணியில் இணையும் டாம்பால் கிளேசர் சகோதரர்களின் குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கின்றன. நெப்ராஸ்காவில் ஒன்றாகப் பாடி வளர்ந்தவர்கள் என்பதால், மூச்செடுக்கும் இடங்கள்கூட அவர்களுக்கு ஒத்துப்போகின்றன.

மார்ச் 6

‘கூல் வாட்டர்’ பாடலை விட்டு நகர முடியவில்லை. கனடாவில் பிறந்து, இளமையில் அரிசோனாவின் டூசான் நகருக்கு வந்து சேர்ந்த பாப் நோலன் எழுதிய பாடல் இது. நீரற்ற பாலையைக் கடக்கும் ஒருவன், டான் என்ற தன் கோவேறு கழுதையிடம் கானல்நீரை நம்பாதே என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். அவன் ‘வாட்டர்’ என்று முடிக்கும்போதெல்லாம் துணைக்குரல்கள் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லித் தேய்ந்து மறைகின்றன. தாகம் கொண்டவனின் காதில் மட்டும் ஒலிக்கும் அழைப்பு அது. அக்குரல்களை நீக்கிவிட்டால் பாலையே இல்லாமல் போய்விடும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். நோலனும் ராய் ராஜர்ஸும் டிம் ஸ்பென்சரும் 1930களில் சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் குழுவில் வளர்த்தெடுத்த மூன்று குரல் மரபிலிருந்தே இம்முறை வருகிறது.

மார்ச் 7

மெக்சிகோ எல்லையோர டெக்சாஸ் நகரின் பெயர் கொண்ட ‘எல் பாசோ’ நான்கு நிமிடங்களைத் தாண்டும் பாடல். வானொலிக்கு அது நீளம் என்று அக்காலத்தில் அஞ்சினார்கள்; ஆயினும் 1960இன் தொடக்கத்தில் ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசை, ‘பாப்’ எனப்படும் பொது இசை ஆகிய இரு தரவரிசைகளிலும் அது முதலிடம் பெற்றது. கிரேடி மார்ட்டினின் கித்தார் மெக்சிகோ எல்லையைக் கண்முன் நிறுத்துகிறது. ஃபெலினாவின் மீதுள்ள காதலால் சாவைத் தேடித் திரும்பி வருபவனின் கதையில், உச்சத்தில் குரல்கள் உயருமிடம் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கச் செய்கிறது.

மார்ச் 10

‘எ ஹண்ட்ரட் அண்ட் சிக்ஸ்டி ஏக்கர்ஸ்’ பாடலைப் பலர் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். 160 ஏக்கர் என்பது அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறிகளுக்கு வழங்கிய நிலத்தின் அளவு. துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே, சொந்த நிலத்தில் நிற்கும் ஒருவனின் மகிழ்ச்சியை அதே குரல்கள் துள்ளலுடன் பாடுகின்றன. அடுத்து, பயனியர்ஸ் குழு 1941இல் பதிவு செய்த ‘கூல் வாட்டர்’ பாடலை ராபின்ஸின் பதிவுடன் அருகருகே வைத்துக் கேட்க வேண்டும்.